ஐந்தே முக்கால் மணித் தூசி

எங்கள் ஊரில் என்னை விமானக்காரி என்பார்கள். விமானத்தில் நான் ஏறியதே இல்லை. உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் கிராமம். சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு நிலக்காரர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானங்களின் புகையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கீழே வந்து சேருகின்றனவா என்பதை அந்தக் கருவிகள் பார்த்துக்கொண்டிருக்கும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது ஊரில் பெரிய பேச்சாயிற்று. பேச்சைக் கிளப்பிவிட்டவன் என் அண்ணன்.

அண்ணன் இப்போது இல்லை. அவனுடைய நுரையீரலைக் கெடுத்தது கல்தூசி. அதை டாக்டர்கள் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. அந்தத் தாமதத்தில் எனக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி. பெரிய பெட்டிதான் ராஜா. அது மிகச் சிறிய துகள்களை எண்ணும். ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவுத் துகள். அதை எந்த வெளிச்சத்திலும் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆகவே கருவிக்குள் ஆல்கஹால் ஆவியைச் சுற்றிப் படியவைத்து, துகளைச் சின்னத் துளியாக ஊதிப் பெருக்கி, அப்புறம் ஒளியில் எண்ணுவார்கள். அந்த ஆல்கஹாலின் நாற்றம், அழுகின வாழைப்பழமும் பெயின்ட்டும் கலந்தாற்போல, என் துப்பட்டாவில் எப்போதும் இருக்கும். திட்டத்தின் இன்னொரு குழு சின்ன விமானம் ஒன்றில் ஏறி, பெரிய விமானங்களின் பின்னாலேயே பறந்து, அவை விடும் புகையை அங்கேயே பிடித்து அளந்தது. நாங்கள் தரையில் இருக்கும் குழு. மேலே விட்டது கீழே வருகிறதா என்பது எங்கள் கேள்வி.

சின்னப் பெட்டிக்கு மதிப்புக் கிடையாது. அது பெரிய தூசியைப் பார்க்கும். அதன் எண் ஏறினால், பக்கத்தில் யாரோ எதையோ எரிக்கிறார்கள், அல்லது புழுதி கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்துக் கணக்கு விமானத்துக்கு ஆகாது. உடனே நான் கணினியில் அந்த நேரத்தின் எதிரே ஒரு எண்ணைப் போட வேண்டும். ஒன்று என்றால் அடுப்புப் புகை. இரண்டு என்றால் வண்டி. மூன்று என்றால் தெற்குக் காற்று. நான்கு என்றால் ஆள் நடமாட்டம். எண் விழுந்த நேரமெல்லாம் கணக்கிலிருந்து நீக்கப்படும். மீதி இருப்பதுதான் எங்கள் ஊர்க் காற்று.

தெற்குக் காற்று என்று தனியாக ஒரு எண் இருந்ததற்குக் காரணம் கிரஷர்கள். தெற்கே குன்றுகளை உடைத்து ஜல்லியும் எம்-சாண்டும் அரைக்கிற கிரஷர்கள் வரிசையாக இருக்கின்றன. காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் சின்னப் பெட்டி துள்ளும். நான் மூன்று போடுவேன். சில மாதங்களில் பாதி நாள் மூன்றாகவே இருக்கும். ஒருமுறை, சென்னையிலிருந்து மாதம் ஒருதரம் வந்துபோகும் விஞ்ஞானி மேடத்திடம், இவ்வளவையும் நீக்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டேன். "நம்ம கேள்வி அது இல்லம்மா" என்றார். அவர் சொன்னது சரி. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

சனிக்கிழமைதோறும் பெரிய பெட்டிக்குக் காற்று நுழையும் குழாயைக் கழற்றித் துடைக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னத் தட்டு உண்டு. பெரிய தூசி அதில் மோதி அங்கேயே தங்கிவிடும், சிறியது மட்டும் வளைந்து உள்ளே போகும். வாரக் கடைசியில் அந்தத் தட்டில் சாம்பல் நிறத்தில் மாவு படிந்திருக்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் அதை வழித்தெடுத்துவிட்டு, நோட்டில் 'துடைத்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். துணியைக் குப்பையில் போட்டுவிடுவேன்.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். பத்தாவதோடு நின்றுவிட்டான். நான் படித்ததற்கு அவன் நின்றதுதான் காரணம் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அது எல்லாருக்கும் தெரியும். அவன் வேலைக்குப் போனது தெற்கே இருந்த ஒரு கிரஷருக்கு. சட்டைப் பையில் ஒரு அடையாள அட்டை வைத்திருப்பான். அதில் 'எடைமேடை உதவியாளர்' என்று போட்டிருக்கும். லாரி ஏறி நிற்க, உள்ளே உட்கார்ந்து எடையை எழுதுகிற வேலை. அண்ணி வீட்டில் பெண் கேட்கப் போனபோது அந்த அட்டையைத்தான் எடுத்துக் காட்டினான். திருப்புட்குழிப் பக்கத்துக் குடும்பம், படித்த மனுஷர்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றதும் சரி என்றார்கள்.

உண்மையில் அவன் உட்கார்ந்ததே இல்லை. கல் விழும் ஹாப்பர் வாயில் நின்று, சிக்கிக்கொண்ட பாறைகளைக் கடப்பாரையால் நெம்பி இறக்குவது அவன் வேலை. முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்வான். எனக்கு அது தெரியும். பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் அவனுக்குச் சோறு கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன். "உங்கண்ணிகாரி வந்தப்புறம் இத சொல்லிடாத பாப்பா, மானம் பூடும்" என்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். நான் கொடுத்தேன்.

வேலை முடிந்து வரும் வழியில் என்னை மாடியிலிருந்து கூட்டிக்கொண்டு போவது அவன் வழக்கம். ஐந்தே முக்காலுக்குக் கீழே பைக் சத்தம் கேட்கும். முதல் வருஷம் ஆயுதபூஜையன்று கையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், புகையும் சாம்பிராணிக் கரண்டி எல்லாவற்றோடும் மாடியேறி வந்துவிட்டான். நான் பதறிப்போய் படியிலேயே மறித்தேன்.

"இன்னா பாப்பா, லாரிக்கு வெக்கிறோம், கடப்பாரைக்கு வெக்கிறோம், இம்மாம் பெரிய மிஷினுக்கு வெக்க மாட்டியா? சாமி கோச்சிக்கும்."

"சாமி கோச்சிக்காது. மேடம்தான் கோச்சிப்பாங்க. எறங்குண்ணா மொதல்ல!"

கீழே மாடிப்படிக் கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, கதவுக்கே கற்பூரமும் காட்டிவிட்டுப் போனான். அந்தச் சாம்பிராணி எப்படியோ மேலே ஏறி, பெரிய பெட்டி சின்னப் பெட்டி இரண்டையும் கலக்கிவிட்டது. அன்றைய பிற்பகல் முழுக்க நீக்கவேண்டி வந்தது. குறிப்பில் 'பூஜை' என்று எழுதினேன். மேடம் போனில் சிரித்துத் தள்ளினார். அதற்குப் பிறகு அண்ணன் மாடியேறக் கூடாது என்பது சட்டம். கீழேயே நின்று ஹாரன் அடிப்பான். நான் இறங்கி வருவதற்குள் தலைத்துண்டை அவிழ்த்து, பைக் சீட்டில் பட்பட்டென்று நாலு அடி அடித்து உதறுவான். அந்தத் தூசிக்கும் சின்னப் பெட்டி குதிக்கும். அவனைத் திட்டுவேன். "உன் மிஷினுக்கு நல்ல மோப்பம்டி, போலீஸ் நாயி கணக்கா" என்பான். மறுநாள் காலை வந்து, முந்தின மாலை ஐந்தே முக்காலுக்கு எதிரே நான்கு என்று போடுவேன். ஆள் நடமாட்டம்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை. கிரஷர் வேலைக்குப் போகிற எல்லாரும் இருமுவார்கள், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எடை இறங்கியபோதுதான் அண்ணி பயந்தாள். மாடியேறவிடாமல் அவனை நான் நிறுத்தியிருந்தேன், இப்போது அவனாலேயே மாடியேற முடியாது போலிருந்தது. மூன்று பேருமாக டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பாதியில் திட்டுத்திட்டாக நிழல். டாக்டர் சின்ன வயசுக்காரர். கேள்விகளை வேகவேகமாகக் கேட்டு, தாளில் டிக் போட்டுக்கொண்டே போனார்.

"என்ன வேலை?"

அண்ணன் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். "எடைமேடை சார். ஒக்காந்து எழுதறதுதான்."

"தூசி உண்டா? வீட்டுப் பக்கத்துல குவாரி, கிரஷர் ஏதாவது?"

அண்ணன் மேஜைமேல் இருந்த அட்டையை நேராக்கி வைத்தான். கதவோரம் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். எதற்கு வருகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. டாக்டர் அவனைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டான் என்று பார்ப்பது போலிருந்தது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"எங்க ஊர்க் காத்து சுத்தமானது சார்" என்றேன். "நான்தான் அளக்கிறேன். கிளீன் பேக்கிரவுண்ட் சைட்னு ரிப்போர்ட்லயே இருக்கு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எதை அளக்கிறீர்கள், எப்படி என்று கேட்டார். விமானம், ஆல்கஹால் ஆவி, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எல்லாம் சொன்னேன். பாதி இங்கிலீஷில் சொன்னேன். வெளியே ஐம்பது பேர் காத்திருக்க, பத்து நிமிடம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். அண்ணன் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. தாளில் தூசிக்கு எதிரே 'இல்லை' என்று டிக் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருந்தது. தெற்குக் காற்றையும் அண்ணனையும் நீக்கிய பிறகு எங்கள் ஊர்க் காற்று சுத்தமானதுதான்.

சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்தால் டி.பி. மாதிரிதான் இருக்கிறது என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு மாதம். மூத்திரம் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்கள். அதைக் காலையில் அண்ணன் எங்களிடம் விளையாட்டாகச் சொல்வான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடி ஹாப்பர் வாயில் போய் நின்றான். மருந்து வேலை செய்கிறது, தெம்பு வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

அந்த மாதங்களில்தான் என் வேலையில் நல்ல காலம் வந்தது. ஒருநாள் காலை, மழை கொட்டி ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சின்னப் பெட்டி அசையவே இல்லை. பெரிய பெட்டி மட்டும் மெல்ல ஏறத் தொடங்கியது. அடுப்பு இல்லை, வண்டி இல்லை, தெற்குக் காற்று இல்லை. மேலேயிருந்து காற்று இறங்கும் நேரம். மேடத்துக்குப் போன் செய்தேன். எண்களை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். "மேலேருந்து வந்ததா இருக்கலாம்மா. சொல்ல முடியாது, இருக்கலாம்" என்றார். நான் மாடியில் தனியாக நின்று அழுதேன். இரண்டு வருஷமாக எண்களை நீக்கி நீக்கிக் கடைசியில் எஞ்சிய அந்த ஒரு காலைப்பொழுதுக்காக அழுதேன். அன்று மாலை அண்ணனிடம் சொன்னபோது, பைக்கில் உட்கார்ந்தபடியே கை தட்டினான். கை தட்டியதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் சந்தோஷத்தில் இருந்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. இன்னும் இரண்டு மாதம் நீட்டினார்கள். அப்புறமும் ஒன்றும் ஆகவில்லை என்று சென்னைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே ஒரு வயதான டாக்டரம்மா. எக்ஸ்ரேயைக் கூட அவர் அப்புறம்தான் பார்த்தார். முதலில் அண்ணன் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்தார்.

"கல் வேலையாப்பா?"

அண்ணி மருந்துச் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தாள். அண்ணன் கதவைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்றான்.

"எத்தனை வருஷம்?"

"பதினாறு."

சிலிக்கோசிஸ் என்றார். உள்ளே போன கல்தூசி வெளியே வராது, அதற்கு மருந்து கிடையாது என்றார். "இன்னும் உள்ளே போகாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான். ஒரு வருஷம் முன்னாடி நிறுத்தியிருந்தா இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். ஏன்மா, யாருமே கேட்கலையா?" என்று என்னைப் பார்த்தார். கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி எங்களுக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் என் காதருகே குனிந்தான்.

"பாப்பா, உங்கண்ணி கேப்பா. ஏரோப்ளேன் பொகைன்னு சொல்லிடேன்."

"இன்னாண்ணா சொல்ற?"

"நீ அதத்தான அளக்கற. நீ சொன்னா நம்புவா. கல்லு ஒடைக்கிறவன கட்டிக்கினோம்னு இப்ப போயி அவளுக்குத் தெரியணுமா? இன்னாத்துக்கு பேஜாரு."

நான் முடியாது என்றிருக்கலாம். அவனிடம் எதையுமே முடியாது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, அண்ணி கேட்டபோது, மேலே போகும் விமானங்களின் நுண்துகளாக இருக்கலாம் என்று சொன்னேன். ஒரு காலைப்பொழுதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, 'இருக்கலாம்' என்று சொல்லவே மேடம் அவ்வளவு தயங்கினார். நான் தயங்கவில்லை. அண்ணி கேட்டுக்கொண்டாள்.

அவன் மூலம் அது ஊருக்கும் பரவியது. வானத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு விமானம் போனால், வயலில் நிற்பவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தெற்கேயிருந்து புழுதி வந்தபோது யாரும் பொத்திக்கொள்ளவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னவளே நான்தான்.

அதன் பிறகு அண்ணன் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஆக்சிஜன் தரும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டோம். அதற்கும் ஒரு வடிகட்டி உண்டு, வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். சனிக்கிழமை மாடியில் ஒன்று, வீட்டில் ஒன்று. மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். கடைசி வாரத்தில் பேசவே முடியவில்லை. உட்கார்ந்தபடியேதான் தூங்கினான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் போன பிறகு, அண்ணி கிணற்றடியில் அவன் துணிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விமானம் இல்லை, கிரஷர்தான். எடைமேடை இல்லை, ஹாப்பர்தான். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே எனக்குத் தெரியும் என்றேன்.

அண்ணி ஒரு துண்டைக் கையில் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் எதிர்பார்த்தது போல அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசமா இந்தத் துண்ட தொவைச்சிக்கினு கீறேன். ஒரு நாளு தவறாம வாளி அடில கல்லுமாவு. எழுதற வேலைல வர்ற மாவா இது?"

"அப்ப ஏன் அண்ணி நீங்க..."

"அவுரு சொல்லல, நானும் கேக்கல. மறைக்கிறது அவருக்கு ஆசையா கீது, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டன். ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரில சொல்லிடலாம்னுதான் முன்னால வந்தன். அதுக்குள்ள நீ காத்து சுத்தம்னு சொல்லிட்ட. மிஷினு வெச்சி அளக்கிறவ சொல்றா, டாக்டரே பேனாவ வெச்சிட்டு கேட்டுக்கினு கீறாரு. துணி தொவைக்கிறவ நான் இன்னான்னு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். துண்டை வாளியில் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நீக்கிய கணக்குகளை நாங்கள் அழிப்பதில்லை. தனியாக ஒரு கோப்பில் அவை இருக்கும், யாரும் திறக்க மாட்டார்கள். நான் திறந்தேன். சின்னப் பெட்டியின் எண்களை நாள்வாரியாகப் போட்டுப் பார்த்தேன். வேலைநாள் ஒவ்வொன்றிலும் மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு சின்ன ஏற்றம். டாக்டரிடம் நான் பேசின நாளுக்கு மறுநாளும் இருந்தது. டி.பி. மாத்திரை சாப்பிட்ட அந்த எட்டு மாதமும் இருந்தது. மழை பெய்து வானம் கழுவின அந்த நாளின் மாலையிலும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் போட்ட நான்கு. சென்னைக்குப் போவதற்கு முந்தின நாள் வரைக்கும் வந்து, அத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகு ஐந்தே முக்காலுக்கு எதையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.